கோபுரத்தடிக் காணி

சுற்றுலா ஊரான எல்லயில் மலை தெரிகிற ஹோட்டல் ஜன்னலுக்கு இரவுக்கு எட்டாயிரம் ரூபாய் கூடுதல். பதுளையில் நஸீரின் காணியிலிருந்து மலை தெரியாது. உபமின்நிலையத்தின் இரும்புக் கோபுரங்கள்தான் தெரியும். அதனால் பல வருடங்களாக அதை எவரும் சும்மாகூட விலை கேட்கவில்லை.

பிறகு பெட்டரிக் கம்பனி வந்தது. அதற்கு வேண்டியிருந்தது அந்தக் கோபுரங்களின் காலடிதான். நஸீருக்கும் அவசரம் இருந்தது. பசார் வீதியில் அவர் வாடகைக்கு நடத்திவந்த புடவைக் கடையை உரிமையாளர் விற்கப் போகிறார். மாத முடிவுக்குள் பணம் கொடுத்தால் கடை நஸீருக்கு. இல்லாவிட்டால் எதிர்க்கடை நௌபருக்கு.

கம்பனியின் பொறியியலாளர் துஷாந்தினி தன் அலுவலகத்தில் விளக்கினாள். "பகல்ல சோலார் கரண்ட் தேவைக்கு மேல வருது, நானா. அத பெட்டரியில ஏத்தி வச்சு, பொழுதுபட்டு எல்லாரும் லைட் போடுற நேரம் குடுப்போம்."

"மலிவா ஈக்கிற நேரம் வாங்கிப் பதுக்கி, தட்டுப்பாட்டுக்கு விக்கிற. எங்கட வாப்பா இதத்தான் வெங்காயத்துல செஞ்சாரு, மகள். அவரப் பொலிஸ் கொண்டுபோனிச்சு."

அவள் சிரித்துவிட்டு, மூன்று கோடி என்றாள்.

கடைக்கு அது போதும். ஆனால் முதல் விலைக்குத் தலையாட்டுவது நஸீரின் குடும்பத்தில் எவரும் செய்யாத காரியம். "நாலர" என்று சொல்லி, காணி உறுதிப் பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். பசாரில் எழுந்தவரை வாசல் தாண்டுமுன் கூப்பிட்டுவிடுவார்கள், மூன்றரையில் முடியும். மெதுவாக நடந்தார். குடையை எடுக்க நின்றார். செருப்பைச் சரிசெய்தார். யாரும் கூப்பிடவில்லை.

இரண்டு நாள் பொறுத்துத் தானே போனார். "சரி மகள், மூணுக்கே எடுங்க."

"ஐயோ நானா, பக்கத்துக் காணிக்கு றோசாலி டீச்சர் நேத்தே கையெழுத்து வச்சிட்டாங்க. சொன்ன வெலைக்கே சரின்னாங்க. நீங்கதான் வேணாம்னு போயிட்டீங்களே?"

"வேணாமெண்டா நான் ஏன் அவ்வளவு மெதுவா நடந்த?"

"முழங்கால் வலின்னு நெனச்சேன்."

கடை நௌபருக்குப் போனது. காலி செய்யும் கிழமையில் நஸீர் சரக்கையெல்லாம் கழிவு விலைக்குப் போட்டார். றோசாலி டீச்சரும் வந்தார். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சேலையைத் தடவிப் பார்த்து, "நாலுக்குத் தாங்க, மொதலாளி" என்றார்.

"எடுங்க டீச்சர்."

டீச்சர் சேலையை வெளிச்சத்தில் பிடித்தார். "கேட்ட ஒடனே தர்றீங்கன்னா ஏதோ கோளாறு இருக்கு. மூணர."

"கம்பனிக்கிட்டயும் இப்பிடிக் கேட்டிருக்கலாமே?"

"அவங்க பெரிய எடங்க. அவங்ககிட்டப் போயி வெல பேசலாமா?"

மூன்றரைக்கு முடிந்தது. கையில் தந்தது மூவாயிரம். மீதி, கம்பனிக் காசு வந்த பிறகாம். பாக்கி ஐந்நூறு.