அறையில் யாரையாவது உட்காரவைக்க வேண்டும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மந்தைவெளியில், எங்கள் மாடிப்படியில். (கிடைத்தது என்பது மரியாதைக்கு. பிடுங்கிக்கொண்டேன் என்பதுதான் சரி.) கீழ்வீட்டு மணிமொழி படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வானியல் ஆராய்ச்சி செய்பவள். ஏனம்மா என்றதற்கு, "நாங்க எல்லாரும் ரொம்ப நல்லவங்க சார், அதான்" என்றாள். எழுதுகிறவனுக்கு இது போதும். வெட்கமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'எல்லையற்ற பெருவெளியில் ஒரு சிறு ஒளிப்புள்ளி...'

(அடித்துவிட்டேன். வானியல் என்றாலே எல்லாருக்கும் இந்த வியாதி வந்துவிடுகிறது.)

இரண்டாவது: அடையாறில் ஒரு கூட்ட அறை. அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சித் திட்டங்களில் எதைத் தொடரலாம், எதை மூடலாம் என்று ஒரு குழு மறுபரிசீலனை செய்கிறது. முடிவெடுக்கும் முன் வானியலாளர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிறது. இது பரவாயில்லை, இப்படியே போகிறேன்.

மலைமேல் ஒரு பழைய தொலைநோக்கி இருக்கிறது. அதில் மணிமொழி ஒரே ஒரு நட்சத்திரத்தை வருடக்கணக்காகப் பார்த்துவருகிறாள். பல்லாண்டுகளுக்கு ஒருமுறை அது மங்கும். ஏன் என்று தெரியாது. அடுத்த வருடம் மங்கப்போகிறது. பெரிய தொலைநோக்கிகளில் தினமும் ஒரே நட்சத்திரத்தைப் பார்க்க நேரம் தரமாட்டார்கள். பழையதை மூடிவிட்டால் இந்த முறை மங்குவதைப் பார்க்க முடியாது, அதற்கடுத்த முறை மங்கும்போது மணிமொழி உயிரோடு இருக்கமாட்டாள்.

3

கூட்டத்துக்கு ஒரு விதி. ஒரு திட்டத்தில் வேலை செய்தவர்கள், அதைப் பற்றிப் பேசும்போது அறையில் இருக்கக் கூடாது. வானியலாளர்களே கேட்டு வாங்கிய விதி இது. போன முறை ஆளாளுக்குத் தன் திட்டத்துக்காகச் சண்டை போட்டு மானம் போயிற்றாம்.

காலையிலிருந்து ஒழுங்காகத்தான் நடந்தது. ஒவ்வொரு திட்டத்துக்கும் இரண்டு மூன்று பேர் எழுந்து போவார்கள், மற்றவர்கள் பேசுவார்கள், போனவர்கள் திரும்புவார்கள். பழைய தொலைநோக்கியின் முறை வந்ததும் மணிமொழி முதல் ஆளாக வெளியே போனாள். பின்னாலேயே...

(முடிக்கக் கை வரவில்லை.)

பின்னாலேயே எல்லாரும் வந்தார்கள். அங்கிருந்த வானியலாளர்கள் அத்தனை பேரும் மாணவப் பருவத்தில் வேலை கற்றது அந்தத் தொலைநோக்கியில்தான். அந்த நேரம் பார்த்து வராந்தாவில் காபியும் மெதுவடையும் வந்திறங்க, இடைவேளை விட்டாயிற்று என்று நினைத்துச் சாப்பிட்டார்கள். உள்ளே, வானியலோடு சம்பந்தமில்லாத குழுவினர் காலி நாற்காலிகளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு 'கருத்து ஏதுமில்லை' என்று பதிந்துகொண்டார்கள்.

வடை நன்றாக இருந்ததாம்.*

* இது தேவையா என்பீர்கள். இதைச் சொல்லும்போதுதான் அவள் அதிகமாக அழுதாள்.

4

வரைவு அறிக்கை வந்தபோதுதான் தெரிந்தது: மூடலாம், வானியலாளர்களுக்கு ஆட்சேபம் இல்லை.

மூத்த விஞ்ஞானி பத்ரிநாராயணன் போனில் திணறினார். "முத்துகிருஷ்ணன் உள்ள இருக்கான்னுன்னா நான் நெனச்சுண்டிருந்தேன்!"

முத்துகிருஷ்ணனும் வானியலாளர்தான். அன்று வராந்தாவில் அவர் பக்கத்தில்தான் நின்று சட்னி கேட்டுக்கொண்டிருந்தார்.

மணிமொழியின் கணவன் பாலுவுக்குக் கோடம்பாக்கத்தில் டப்பிங் ஸ்டூடியோ வேலை. "இன்னா மணி இது, ஒர்த்தர் கூடவா உள்ள குந்திக்கினு இல்ல?"

"இருந்தா தப்பு பாலு."

"தப்புன்னா பண்ணித் தொலைக்கிறது. இப்ப போச்சா இல்லியா?"



குழுவிடம் முறையிட்டார்கள். மரியாதையான பதில் வந்தது: இன்னொரு நாள் கருத்துக் கேட்கிறோம். அதே விதிதான், சம்பந்தமில்லாத யாராவது வந்து சொல்லட்டும்.

5

சரி, ஆள் பிடிப்பது கதைக்காரன் வேலை. ஜைதூன் பீ என்று ஒருவரை உண்டாக்கினேன். ராயப்பேட்டை, ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியை, அதட்டலான குரல். அறையில் உட்காரவைத்தேன். "இந்தத் தொலைநோக்கி ஏன் வேணும்னா..." என்று ஆரம்பித்தார். அது இவருக்கு எப்படித் தெரியும்? ஒருமுறையாவது அதில் வேலை செய்திருக்க வேண்டும். அப்படியானால்... என்னை முறைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்து, ஒன்றுமே தெரியாத சித்தார்த்தன் என்று ஒருவனை உண்டாக்கி உட்காரவைத்தேன். நன்றாகத்தான் உட்கார்ந்தான். சொல்லத்தான் அவனிடம் எதுவுமில்லை.

நானே போகலாம். ஆனால் மணிமொழி வீட்டு ரசம் எத்தனையோ தடவை குடித்தவன். அதுவும் சம்பந்தம்தான்.

6

மனது கேட்காமல் ஒரு முடிவு எழுதினேன். ஜைதூன் பீயைத் திரும்ப அழைத்து, விதியைக் காற்றில் பறக்கவிட்டு, பேசவைத்தேன். அற்புதமாகப் பேசினார். தொலைநோக்கி பிழைத்தது. அந்தப் பக்கத்தை மணிமொழியிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். முகம் கொஞ்சம் மலர்ந்தது. பிறகு திருப்பித் தந்துவிட்டாள்.

"இது தப்பு சார். அவங்க எழுந்து போயிருக்கணும்."

எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. கிழித்துப் போட்டேன்.

ஆகவே அறை மறுபடியும் காலி. ஒரு நாற்காலியை மட்டும் உங்களுக்காக இழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்கள் அந்தத் தொலைநோக்கியைத் தொட்டதில்லை. எங்களில் யாரும் உங்களுக்கு உறவில்லை. ஒரு நட்சத்திரம் அடுத்த வருடம் மங்கும் என்பது மட்டும் இப்போது தெரியும். குழுத் தலைவர் பேனாவை மூடப்போகிறார். "இதுல யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கா?" என்று கேட்கிறார்.

நான் மணிமொழியோடு வராந்தாவில் நிற்கிறேன். கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே சத்தம் எதுவும் கேட்கவில்லை.