டார்ச் அடித்துப் பார்த்த ஆட்டம்

வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிற அவரைத் தெருவே கவர்க்காரர் என்றுதான் கூப்பிடும். தொழிலால் வந்த பெயர்தான். ஆனால் அவர் வீட்டுக்குள் ஒருமுறை போய்விட்டு வந்தவர்கள், அது பிறக்கும்போதே வந்திருக்கும் என்று அடித்துச் சொல்வார்கள். சோபாவுக்கு ஒரு கவர். அந்தக் கவர் அழுக்காகிவிடக் கூடாதே என்று அதன்மேல் இன்னொரு கவர். ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, மிக்சிக்குத் துணிச் சட்டை. சுவர்க் கடிகாரத்துக்குக்கூட ஒன்று தைத்து மாட்டினார். மணி தெரியவில்லை என்று மனைவி பிடுங்கி எறிந்தாள்.

அப்பேர்ப்பட்ட மனிதரைப் பார்த்து, "டிவியை எங்கேயோ இடிச்சிருக்கீங்க சார், வாரண்டி கிடையாது" என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனால்?

"நான் இடிச்சேனாம்! நான்!" காலையிலிருந்து கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். "நான் டிவிகிட்ட தும்மினதுகூட இல்லடி!"

"என்கிட்ட சொல்லி என்னங்க பிரயோஜனம்? அவன் வந்தப்ப நான் கடையில இருந்தேன். நீங்கதானே வீட்ல இருந்தீங்க?" என்றாள் மனைவி. மருந்துக் கடையில் வேலை. இன்றைக்கு லீவு போட்டிருந்தாள். காரணம் டிவி இல்லை, மகள்.

மகள் வாலிபால் ஆடுகிறாள். இன்று சாயங்காலம் இறுதிப் போட்டி, நேரடி ஒளிபரப்பு. முதன்முறையாக டிவியில் வரப்போகிறாள். ஆறடி உயரம். 'அவளைப் போய்ச் சின்ன டிவியில பார்க்கிறதா? என் பொண்ணு என்ன மடக்குக் குடையா?' என்று கேட்டுத்தான் கவர்க்காரர் ஆறு மாதம் முன்பே சுவரை அடைக்கிற மாதிரி ஒன்றை வாங்கி மாட்டினார். என்றைக்காவது டிவியில் வராமலா போவாள் என்று, மாட்டிய கையோடு குடியிருப்பில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் அழைப்பு வைத்துவிட்டார். அழைப்பைத் தினமும் புதுப்பித்தும் வந்தார்.

நேற்று முன்தினம் அந்த டிவி பட்டென்று இருண்டது. பேச்சுக் குரல் மட்டும் ஜோராக வந்தது. நேற்று கம்பெனி மெக்கானிக் வந்தான். கீழ் மூலையில் வெளிச்சம் அடித்தான், போட்டோ எடுத்தான். கண்ணாடியில் விரிசல் ஓடுகிறது என்றான். பேனலே போயிற்று என்றான். அவனும் போய்விட்டான்.

"புதுசு வாங்கிடலாம் மாமா, ஆத்திரப்பட்டு என்ன ஆகப்போகுது?" என்றான் மனைவியின் தம்பி. லோடு வண்டி ஓட்டுகிறவன். உலகத்தில் எந்தப் பிரச்சினையையும் ஒரு பாரம் ஏற்றி இறக்கினால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவன்.

"வாயை மூடு மச்சான். அந்த விரிசல் எங்கேன்னு நானே பார்க்கிறேன்."

சீட்டுக்கு அடியில் தையல் சரிபார்க்க வைத்திருக்கும் ஒல்லி டார்ச்சை எடுத்தார். டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது, இருட்டில். யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். கவர்க்காரர் மூக்கு திரையில் உரசுகிற அளவுக்குக் குனிந்து டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தார்.

டார்ச்சை அப்படியே நிறுத்தினார்.

"மூக்கு!"

"என்னங்க?"

"மூக்கு தெரியுதுடி! இங்க பாரு, மூக்கு!"

"யார் மூக்கு?"

"செய்தி வாசிக்கிறவர் மூக்கு! மச்சான், ஜன்னலைச் சாத்து!"

ஜன்னலைச் சாத்தினார்கள். மூன்று தலைகளும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டன. டார்ச் வட்டம் மெல்ல நகர நகர, கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு மூக்கு, அதன் கீழே மீசை, அதற்கும் கீழே அசைகிற உதடு என்று ஒரு முழு மனிதர் தவணை முறையில் வெளிவந்தார். மங்கல்தான். ஆனால் முழுசாக இருந்தார், எங்கேயும் உடையவில்லை.

"அப்போ பேனல் போகல மாமா!" தம்பிக்கும் சூடு ஏறிவிட்டது. "படம் வந்துகிட்டுதான் இருக்கு. பின்னாடி எரியுமே லைட்டு, அதுதான் அவுட்டு!"

"அது யார் பொறுப்பு?"

"கம்பெனி பொறுப்பு!"

"எடுடா வண்டியை!"

கீழ் மூலையில் அந்தக் கோடும் இருக்கத்தான் செய்தது. சிலந்தி நூல் மாதிரி, பளபளவென்று. கவர்க்காரர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காதவர் மாதிரி டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

டிவிக்கு முதலில் போர்வை, அதன்மேல் மெத்தை விரிப்பு, அதன்மேல் மழைக்கு ஆகட்டும் என்று ரெக்சின். வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. லோடு வண்டியின் பின்னால் அதைக் கட்டிப்பிடித்தபடியே உட்கார்ந்து வந்தார். மனைவி முன்னால், தம்பி பக்கத்தில்.

சர்வீஸ் சென்டரில் மேனேஜரம்மா கண்ணாடி மேஜைக்குப் பின்னால் இருந்தார். நேற்று வந்த மெக்கானிக்கும் அங்கேயே இருந்தான். கவர்க்காரரைக் கண்டதும் அவசர வேலை வந்ததுபோல ஒரு ரேடியோவைத் திறக்க ஆரம்பித்தான்.

"தம்பி, அந்த ரேடியோ எங்கேயும் ஓடிடாது, இப்படி வா!" கவர்க்காரர் டிவியை மேஜைமேல் வைத்து வயரைச் செருகினார். "மேனேஜரம்மா, நீங்களே டார்ச் அடிங்க. படம் தெரியலைன்னா நான் இந்த டிவியை இங்கேயே விட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம போயிடுறேன்!"

மேனேஜரம்மா அடித்தார். இரண்டு குழந்தைகள் சோப்பு விளம்பரத்தில் குதித்தார்கள்.

"தெரியுதா இல்லையா?"

"தெரியுது. லைட் ஃபால்ட்தான், ஒத்துக்கிறேன்." அவர் நிமிர்ந்தார். "ஆனா சார், கண்ணாடியில விரிசல் இருக்கே. அடி பட்டிருந்தா லைட் போனதும் அதனாலதான்னு எடுத்துக்குவோம். இதோ போட்டோ. இதோ, நேர்லயே இருக்கு. இதுக்கு என்ன சொல்றீங்க?"

காலையிலிருந்து அந்த மூலைக்குப் போகாமல் தப்பித்து வந்த டார்ச், இப்போது மேனேஜரம்மா கையில் இருந்தது. சாயங்காலம் அத்தனை வீட்டுக்காரர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்காருவார்கள், இருட்டுச் சுவரைப் பார்ப்பார்கள். மகள் ராத்திரி போன் பண்ணி, 'அப்பா, பார்த்தீங்களா?' என்பாள்.

"நான் தினம் துடைப்பேங்க," என்றார். குரல் இறங்கிவிட்டது. "மெத்துனு ஒரு துணி. நானே தைச்சது. அதுல போயி எப்படி..."

மனைவி குனிந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துப் பெட்டிகளில் டேப் உரித்து உரித்துப் பழகிய நகம் அவளுடையது. அதால் கோட்டைச் சுரண்டினாள். கோடு லேசாகத் தூக்கிக்கொண்டது.

அவள் நிமிர்ந்து கணவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு மட்டும் எந்தக் கம்பெனியும் வாரண்டி தராது.

"என்னங்க. டிவி வாங்கினப்ப மேல ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பேப்பரை உரிச்சீங்களா?"

மேனேஜரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மெக்கானிக் ரேடியோவைக் கீழே வைத்தான்.

"உரிச்சா புதுசு போயிடுமேன்னு..." என்றார் அவர் கடைசியில், தரையைப் பார்த்து.

"படம் மங்கலா இருக்குன்னு நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேனே! என் கண்ணுலதான் கோளாறுன்னு கூட்டிட்டுப் போய் மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டீங்களே!"

"அதுக்கு நல்ல உறையும் தைச்சுக் குடுத்தாரு அக்கா," என்றான் தம்பி.

"நீ சும்மா இரு! இப்போ உரிங்க. எல்லார் முன்னாடியும் உரிங்க."

கவர்க்காரர் ஓரத்தைப் பிடித்தார். "அந்த மூலையில மட்டும் கொஞ்சூண்டு உரிச்சாப் போதாதா, மேனேஜரம்மா?"

"என்னங்க! பொண்ணு வேணுமா, பேப்பர் வேணுமா?"

கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். சர்ர்ர் என்று அது ஒரே மூச்சில், பாம்புச் சட்டை மாதிரி வந்தது. அந்த விரிசலும் கூடவே வந்துவிட்டது. அடியில் இருந்த கண்ணாடி குளத்துத் தண்ணீர் போலப் பளிச்சென்று கிடந்தது. வரிசையில் காத்திருந்தவர்கள் கை தட்டினார்கள். யாரோ விசிலும் அடித்தார்கள்.

"ஆறு மாசமா இதை உரிக்காம ஒருத்தர் இருப்பார்னு நான் எப்படிம்மா நினைப்பேன்?" என்று மெக்கானிக் பரிதாபமாகக் கேட்டான். அதற்குக் கவர்க்காரரே தலையாட்டினார்.

மேனேஜரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே கிளெய்மை ஏற்றுக்கொண்டார். "ஆனா லைட் பார்ட்ஸ் நாளைக்குத்தான் வரும் சார். டிவியை விட்டுட்டுப் போங்க."

"நாளைக்கே கொண்டாறேன். இன்னைக்கு இதுல என் பொண்ணு வரா."

"இருட்டா இருக்குமே சார்?"

"டார்ச் இருக்கும்மா!"

சாயங்காலம் கூடம் நிரம்பி வழிந்தது. மேல்வீட்டு அக்கா, "நம்ம வீட்டு டிவி நல்லாத்தானே இருக்கு, வாங்களேன்" என்றாள். சமையல்கட்டில் வைக்கிற குட்டி டிவி அது. "போன்லயே பார்த்துடலாமே" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"என் பொண்ணை உள்ளங்கையில வச்சா பார்க்கிறது?" என்றார் கவர்க்காரர். "எல்லாரும் போன் லைட்டைப் போடுங்க. இடது பக்கம் அக்கா, வலது பக்கம் நீங்க, மச்சான் வலைக்கு மேல. பந்து யார் பக்கம் போகுதோ அவங்க அடிக்கணும். பொண்ணு என் பொறுப்பு."

ஜன்னல்களைச் சாத்தினார்கள். விளக்கு அணைந்தது. வெளிச்ச வட்டங்கள் திரையில் ஓடின, மோதின, பிரிந்தன.

"பந்து எங்கேடா?"

"அக்கா பக்கம்! அக்கா, லைட்டு!"

"என் லைட்டுலதான் இருக்கு, அம்பயர் தலை!"

"அது பந்து இல்லையா?"

அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒல்லி டார்ச் ஒன்று மட்டும் பந்தைப் பார்க்கவே இல்லை. அது ஒரு நெடிய உருவத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் குதித்தால் குதித்து, விழுந்தால் விழுந்து, கூடவே ஆடியது. உள்ளே ஆறடிதான் இருந்தாள். ஒரு விரற்கடை குறைவாக இருக்கலாம்.

கடைசிப் புள்ளி. பந்து மேலே எழும்பியது. மகள் எழும்பினாள். கவர்க்காரரும் எழும்பினார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழும்பினார், டார்ச்சோடு. அவரைப் பார்த்து எல்லாக் கையும் எழும்பிவிட்டது. விட்டத்தில் இருந்த மின்விசிறி மட்டும் பளிச்சென்று தெரிந்தது, டிவி கும்மிருட்டு.

இருட்டுக்குள்ளிருந்து வர்ணனையாளர் அவர் மகளின் பெயரைத் தொண்டை கிழியக் கத்தினார். பிறகு எதுவும் கேட்கவில்லை, கூடமே கத்திக்கொண்டிருந்தது.

"அடிச்ச அடியை யாருமே பார்க்கலையேடி!" என்றார் கவர்க்காரர். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பார்க்க அவர்மேல் யாரும் வெளிச்சம் அடிக்கவில்லை.

போன் அடித்தது. "அப்பா, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்டா கண்ணு!" என்றார். "அவ்ளோ பளிச்சுனு!"

பேசிக்கொண்டே சோபாவில் பொத்தென்று சாய்ந்தவர், எதுவோ மெத்தென்று வித்தியாசமாக இருக்கவே தடவிப் பார்த்தார். கவரைக் காணோம். அதன் மேல் கவரையும் காணோம். பக்கத்தில் மனைவி காலை நீட்டி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.