ஆலைக்காரியின் புருவம்

மூக்கைச் சுருக்கி, மேலுதட்டை இடப்பக்கமாக ஏற்றி, விளக்கெண்ணெய் குடித்தவளைப்போல லோவோர்கா மேசைமுன் உட்கார்ந்திருந்தபோது மகள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். முகம் லோவோர்காவுடையது, அருவருப்பு ஆலைக்காரியுடையது. குழந்தைகளுக்கான படக்கதை ஒன்றின் ஆறாம் பக்கத்தில் மாவு ஆலைக்காரி காலையில் கதவைத் திறக்கிறாள். உள்ளே மாவு மூட்டைமேல் யாருடையதோ ஒரு வெள்ளாடு சொகுசாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. அந்த முகத்தைத்தான் லோவோர்கா காலையிலிருந்து வரைந்துகொண்டிருந்தாள். வாய் முடிந்துவிட்டது, மூக்கும் கண்ணும் முடிந்துவிட்டன. புருவம் மட்டும் பாக்கி. புருவத்தை அவள் எப்போதும் கடைசியில்தான் வைப்பாள். அதை வைக்கும்வரை எந்த முகமும் எந்தப் பக்கமும் சாயலாம் என்பது முப்பத்தைந்து வருடத் தொழிலில் அவள் கற்றுக்கொண்டது.

தான் வரைகிற முகத்தைத் தானே போட்டுக்கொள்ளாவிட்டால் அவளுக்குக் கை ஓடாது. ஆரம்ப நாட்களில் மேசைமேல் ஒரு சவரக் கண்ணாடி வைத்திருந்தாள்; போகப்போக அதுவும் வேண்டியிருக்கவில்லை, எந்தத் தசை எங்கே இழுக்கிறது என்று உள்ளிருந்தே தெரிந்தது. செத்துப்போன கணவன் ஸ்ரெச்கோ ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்: "எங்க வீட்ல ஒரு நாள் ஓநாயோட உக்காந்து சாப்பிடுவேன், ஒரு நாள் மகாராணியோட. என்னிக்காவது எம் பொண்டாட்டியும் வருவா." மகள் மொரானா சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலில் நின்று அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். இன்று மேசைமேல் இருப்பது திருடனா, பல்வலிக்காரனா, பொய் சொல்கிற நரியா என்று சொல்லிவிடுவாள். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்ற பழமொழி மற்ற வீடுகளில் செல்லும். இந்த வீட்டில் முகம் முன்னால் போகும், அகம் பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும்.

"அம்மா, கொஞ்சம் நிமிர்ந்து பாரு" என்றாள் மொரானா. குடையைக்கூட மடக்கவில்லை. மூன்று நாளாகத் தெற்கிலிருந்து அடிக்கிற ஈரக்காற்றில் குடைக்கம்பி ஒன்று வெளியே வளைந்து நின்றது.

லோவோர்கா நிமிர்ந்தாள்.

"எனக்கு மூணு மாசம்."

இரண்டு நொடி போயிருக்கும், மூன்றாகக்கூட இருக்கலாம். மொரானா வாசலிலேயே நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் தொடங்கி மோவாய்வரை இறங்கிப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டாள்.

"சரி, பாத்துட்டேன்."

"என்னத்தடீ பாத்த? இரு. இது என் மூஞ்சி இல்ல, ஆலைக்காரி மூஞ்சி. இங்க வா, காட்டறேன்."

"வேலைக்கு நேரமாச்சும்மா. போன்லயே சொல்லியிருக்கலாம். உன் மூஞ்சியப் பாக்கணும்னுதான் மூணு மாடி ஏறி வந்தேன்."

லோவோர்கா எழுந்த வேகத்தில் பென்சில் ஆலைக்காரியின் கன்னத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தது. செருப்பைத் தேடி, ஒற்றைச் செருப்போடு அவள் படிக்கட்டுக்கு வருவதற்குள் கீழே தெருக்கதவு சாத்திக்கொண்டது. ரியேகா துறைமுக ஊரில் இந்தத் தென்காற்று அடிக்கிற நாட்களில் விவரமானவர்கள் வீடு விற்பதில்லை, சம்பந்தம் பேசுவதில்லை. தலைவலியையும் சண்டையையும் காற்றின் கணக்கில் எழுதிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். அன்று நடந்ததைக் காற்றின் தலையில் கட்ட லோவோர்காவுக்கு மனம் வரவில்லை.

இது நான்காவது கர்ப்பம். ஆறு வருடத்தில் மூன்று போய்விட்டன. முதலாவது யாருக்கும் சொல்வதற்குள் போனது. இரண்டாவதற்குத் தொட்டில்வரை வாங்கி, அதைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு லோவோர்காதான் போனாள். மூன்றாவது ஸ்கேன் அறையிலேயே முடிந்தது. மொரானா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பேசிக்கொண்டிருந்த மருத்துவர் பேச்சை நிறுத்தினார். இப்போது மொரானாவுக்கு நாற்பத்தொன்று. மருமகன் டின்கோ கப்பலில் எஞ்சினியர், பிரேசில் போகிற வழியில் எங்கோ நடுக்கடலில் இருக்கிறான். இத்தனைக்கும் பிறகு மகள் மூன்று மாதம் வாய் திறக்காமல் இருந்து, சொல்லவேண்டிய முதல் ஆள் என்று அம்மாவைத் தேடி மழையில் வந்திருக்கிறாள். வந்தவளுக்குக் கிடைத்தது மாவு மூட்டைமேல் ஆட்டைப் பார்த்தவளின் முகம்.

போன் அடித்தாள், எடுக்கவில்லை. 'அது ஆலைக்காரி முகம், சத்தியமா' என்று செய்தி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: 'தெரியும்.' அதைப் படித்ததும் லோவோர்காவுக்கு உயிர் வந்தது. காப்பி போட்டாள். காப்பி பொங்குவதற்குள் அந்த ஒற்றைச் சொல்லை நாலு தரம் திறந்து பார்த்துவிட்டாள். தெரியும் என்றால் என்ன தெரியும்? மத்தி மீனைக் கழுவ உட்கார்ந்து, நாலு மீன் கழுவியதும் எழுந்துவிட்டாள். ஜன்னலைத் திறந்தாள், காற்று தாள்களைக் கலைத்தது, மூடினாள். குட்டி போட்ட பூனை மாதிரி சமையலறைக்கும் மேசைக்கும் நடந்தாள். கடைசியில், சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று, புதுத் தாள் எடுத்து ஆலைக்காரியை முதலிலிருந்து போட்டாள். பிடிக்கவில்லை, இன்னொன்று போட்டாள். மாலை வெளிச்சம் போவதற்குள் ஐந்து ஆலைக்காரிகள். ஐந்தாவதை ஸ்கேன் செய்து ஸாக்ரெப்பிலிருக்கும் பதிப்பாசிரியருக்கு அனுப்பிவிட்டு, மீதி மீனைப் படிக்கட்டில் திரியும் பூனைக்குப் போட்டாள்.

மறுநாள் காலை எட்டரைக்கே பதிப்பாசிரியர் டுப்ராவ்கோ கூப்பிட்டான். மகன் வயது, வாய் கொஞ்சம் நீளம்.

"அக்கா, இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"எந்தம்மாவுக்கு?"

"உங்க ஆலைக்காரிக்குத்தான். ஆட்ட வெளக்கமாத்தால சாத்த வேண்டியவ. இவளப் பாத்தா, ஐயோ ஆடு செத்துருமோன்னு பயந்து நிக்கறா. வாய் சண்டைக்காரி வாய்தான், கொறையே சொல்ல முடியாது. புருவம் வேற யாரோடதோ."

"பாத்து அனுப்பறேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள, அக்கா. ஆடு வெயிட் பண்ணும், அச்சகம் பண்ணாது."

போனை வைத்துவிட்டு லோவோர்கா ஐந்து தாள்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பினாள். ஐந்திலும் ஒரே புருவம். உள்முனைகள் இரண்டும் மேலேறி, நடுவில் ஒன்றையொன்று தேடி, நெற்றியில் சின்னச் சுருக்கம். உலகத்தில் எந்த ஆலைக்காரிக்கும் ஆட்டைக் கண்டு அப்படிப் புருவம் ஏறாது. ஐந்து முறையும் கை அதைத்தான் போட்டிருக்கிறது, அவள் கவனிக்கவே இல்லை. பக்கத்தில் முந்தைய நாள் காலைத் தாள் கிடந்தது. கன்னத்தில் பென்சில் கோட்டோடு, நெற்றி வெறுமையாக. மகள் கதவைத் திறந்தபோது லோவோர்காவின் முகத்தில் இருந்தது அந்த வாயும் மூக்கும் மட்டும்தான். புருவம் அதற்குப் பிறகு வந்தது. மகள் சொன்ன பிறகு.

அவளுக்கு அவமானமாக இருந்தது. அவமானத்தைவிடக் கோபம் அதிகம். முப்பத்தைந்து வருடம் சொன்ன சொல் தட்டாத முகம். அழு என்றால் அழுதது, இளி என்றால் இளித்தது. உண்மையாகவே ஒரு காரியத்துக்கு வேண்டியிருந்த ஒரே நாளில் அது தன் இஷ்டத்துக்கு நடந்துகொண்டுவிட்டது. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு சிரிப்புக்கூட இல்லாமல், சாவுச் செய்தி கேட்டதுபோல.

ஆனாலும் அந்த முதல் தாளைச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டுதான் மதியம் துறைமுகத்துக்குக் கிளம்பினாள். அது முழுக்க ஆலைக்காரி முகம்தான் என்று தெரிந்தே பொய் சொல்லப் போகிறவளுக்கும் ஓர் அத்தாட்சி வேண்டியிருக்கிறதே.

மொரானாவின் வேலை இழுவைப் படகுகளுக்கு ரேடியோவில் வழி சொல்வது. கண்ணாடிச் சுவர் வைத்த மாடி அறை, கீழே அலைதாங்கிச் சுவரில் கடல் ஏறி விழுந்துகொண்டிருந்தது. அவள் மைக்கில் பேசிக்கொண்டே அம்மாவுக்கு நாற்காலியைக் காட்டினாள்.

"கேப்டன், இருபது நிமிஷம் அங்கயே நில்லுங்க. காத்து எறங்கட்டும். அது காத்துதான், உங்க மாமியார் இல்ல."

"எம் மாமியாருக்கு இந்தக் காத்து எவ்வளவோ தேவலாம்மா" என்றது ரேடியோ.

மொரானா சிரிக்காமல் பொத்தானைத் தட்டி அணைத்தாள். லோவோர்கா தாளை விரித்து நீட்டினாள். மொரானா வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுக்குப் புருவமே இல்லையே" என்றாள். "நேத்து உனக்கு இருந்துச்சு."

லோவோர்கா தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் உள்ள வந்தப்ப ஆலைக்காரிதான் உக்காந்திருந்தா. அது எனக்குத் தெரியாதாம்மா? சொன்னதுக்கப்புறம் ஆலைக்காரி போயிட்டா. நீ வந்த."

"பயம் வந்துருச்சுடீ" என்றாள் லோவோர்கா. "சந்தோஷம் எங்கியோ இருக்கு, வரும். பயம்தான் இப்பல்லாம் பக்கத்துலயே உக்காந்திருக்கு. கூப்பிட்ட ஒடனே அது வந்துருச்சு."

"எனக்கு மட்டும் என்னவாம்."

காற்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தது. மொரானா தாளைச் சுருட்டி, விரித்து, மறுபடி சுருட்டினாள்.

"மொத தடவ சொன்னப்ப அழுதுட்டே சிரிச்ச. ரெண்டாவது தடவயும் சிரிச்ச. மூணாவது தடவ நீ சிரிக்கல. சிரிப்பு வரைஞ்ச. நல்ல செய்தி கேட்ட அம்மா, பன்னெண்டாம் பக்கம். புருவம்கூடக் கச்சிதம். நான் அன்னிக்கே பாத்தேன், சொல்லல. அம்மாவே நம்பலன்னா இது நிக்காதுன்னு அன்னிக்கே தோணிடுச்சு." அவள் கடலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நேத்து வலிச்சுது. உன்னத் திட்டிட்டேதான் வேலை பாத்தேன். ஆனா நேத்து நீ எதுவும் வரையல."

"மன்னிச்சுக்கடீ."

"அது கெடக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்கேன். நீ வரணும்."

"வராம."

"சும்மா தொணைக்கு இல்ல. போன தடவ நான் திரையவே பாத்துட்டு இருந்தேன். அந்தாளு பேச்ச நிறுத்தினாரு. அசையாத அந்தச் சாம்பல் நெறம் இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. இந்தத் தடவ நான் பாக்கமாட்டேன். நீ பாரு. நான் உன் மூஞ்சியப் பாத்துக்கறேன்."

லோவோர்கா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "வேணாம்டீ. என் மூஞ்சி என் பேச்சையே கேக்கறதில்ல."

"கேக்காம இருக்கட்டும். நீ எதுவும் போட்டுக்காத, அவ்வளவுதான். வர்றது வரட்டும்."

ரேடியோவில் கேப்டன் கூப்பிட்டார். மொரானா பொத்தானை அழுத்தினாள்.

வியாழக்கிழமை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. லோவோர்காவால் உட்கார முடியவில்லை. எழுந்து சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் அறிவிப்பைப் படித்தாள், தண்ணீர் குடித்தாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். வெறும் முகம் என்பது எப்படி இருக்கும் என்றே அவளுக்கு மறந்துபோயிருந்தது. நல்லது என்றால் எப்படி வரும், கெட்டது என்றால் எப்படி வரும் என்று மனம் கணக்குப் போடப்போட, உதடும் கன்னமும் ஒவ்வொன்றாக ஒத்திகை பார்க்கத் தொடங்கின. எதிர் பெஞ்சில் அம்மா மடியிலிருந்த குழந்தை வாய்க்குள் விரலை விட்டபடி அவளையே வேடிக்கை பார்த்தது.

"நிறுத்து" என்றாள் மொரானா, திரும்பிப் பார்க்காமலே.

"நான் ஒண்ணும் பண்ணலையே."

"அந்தக் குழந்தை சிரிக்குது."

உள்ளே அறை மங்கலாக இருந்தது. மருத்துவர் புதியவர், இளம்பெண். கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். "பாட்டிதானே? அந்தப் பக்கம் தலைமாட்ல உக்காருங்க, அங்கேருந்து நல்லாத் தெரியும்" என்றாள். பாட்டி என்று அழைக்காதே, இன்னும் இல்லை என்று சொல்லத் தோன்றியது லோவோர்காவுக்கு; போய் உட்கார்ந்தாள். மொரானா படுத்து, சட்டையை மேலே ஏற்றி, திரைக்கு முதுகு காட்டுவதுபோலக் கழுத்தை அம்மா பக்கம் திருப்பிக்கொண்டாள். லோவோர்கா அவள் கையைத் தேடினாள். மொரானா தரவில்லை.

"கையப் புடிச்சா கையில தெரிஞ்சுரும்" என்றாள் மெதுவாக. "மூஞ்சி போதும்."

மருத்துவர் வயிற்றில் களிம்பைப் பூசி, கருவியை வைத்து, நகர்த்தினாள். எங்கோ நிறுத்தினாள். மறுபடி நகர்த்தினாள். அவள் பேசிக்கொண்டிருந்தாளா, பேச்சை நிறுத்திவிட்டாளா என்று லோவோர்காவுக்கு விளங்கவில்லை; காது அடைத்திருந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆயிரம் கண்களை வரைந்திருக்கிறாள், ஒரு ஜோடி கண்கள் தன்னை இப்படிப் பார்த்து அவள் அறிந்ததில்லை. எதுவும் போட்டுக்கொள்ளாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டு உதட்டை விட்டாள், கன்னத்தை விட்டாள், பல்லைக் கடித்திருந்த தாடையை விட்டாள். குளிரில் ஆடை இல்லாமல் நிற்பதுபோல இருந்தது.

மருத்துவர் ஒரு விரலால் திரையை அவள் பக்கம் திருப்பினாள். வெளிச்சம் லோவோர்காவின் முகத்தில் விழுந்தது. மொரானா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். லோவோர்கா திரையை நோக்கிக் கண்ணை உயர்த்தினாள்.