பாதி அக்கா ரொப்பிய தட்டு

ஷென்ஜென் மின்பொருள் சந்தையின் மூன்றாம் மாடியில் பெய்லானுக்குப் ‘பாதி அக்கா’ என்றுதான் பெயர். விரல்நகம் அளவே உள்ள லித்தியம் பேட்டரிகளை விற்கிறவள். காதுக்கருவி, பொம்மை, கைக்கடிகாரம், எதற்குக் கேட்டாலும் தருவாள். கூடவே திட்டும் இலவசம்.

“முழுசா சார்ஜ் ஏத்தி வச்சா உப்பும். காலியாப் போட்டு வச்சா செத்துப்போகும். பாதி ஏத்தி வை. சூடு படாத இடத்துல வை. மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாரு. இது என்ன ஊறுகாயா, போட்டுட்டு மறக்கறதுக்கு?”

வருடக்கணக்காக இதே பாட்டு. எதிர்க்கடை ஃபெங் அவள் குரலிலேயே பேசிக் காட்டுவான். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். பேட்டரி விஷயத்தில் அந்த மாடியில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவள் சேர்த்த சொத்தென்று சொன்னால் அது ஒன்றுதான்.

மருமகள் வென்ச்சி கல்யாணமாகி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மலைப்பக்கத்துப் பெண், தொழில் புதிது. கடையில் கூடமாட இருந்து பழகிக்கொண்டிருந்தாள். சீனப் புத்தாண்டுக்கு முதல்நாள் பெய்லான் வீட்டில் அவளை விரட்டி வேலை வாங்கினாள்.

“அரிசிப் பானைய விளிம்பு வரைக்கும் ரொப்பு. தண்ணி, எண்ணெய், உப்பு எல்லாம். வருஷம் மாறும்போது ஒண்ணும் குறையா இருக்கக் கூடாது.”

“கடையிலயுமா அத்தை?”

“கடையிலயுந்தான். இது ஒரு கேள்வியா?”

அன்று மாலை கடையைப் பூட்டப் போனவள் பெய்லான். சந்தையே காலியாகிக் கிடந்தது. லியாவுக்கான பேட்டரித் தட்டு அலமாரியில் தயாராக இருந்தது. காது கேளாத குழந்தைகளுக்குக் கருவி செய்து தருகிறவர் லியாவ். விடுமுறை முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். எல்லாம் முறைப்படி பாதி சார்ஜில் இருந்தன.

அவள் அதைப் பார்த்திருக்கவே கூடாது. போன வருடம் வியாபாரம் படுத்த படுக்கை. வரும் வருடத்தின் முதல் விற்பனை இந்தத் தட்டுதான். அதுவே குறையாக நின்று வருடம் பிறப்பதா? அறிவு பாதி என்றது, பயம் முழுசு என்றது. பயம் ஜெயித்தது. கதவைப் பாதி இறக்கிவிட்டு, தட்டை சார்ஜில் போட்டு, முழுதும் நிரம்பும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு கடை மூலையில் இருந்த செல்வச்சாமியின் சின்னக் கண்ணாடி மாடத்துக்குள் சாமி காலடியில் வைத்துக் கும்பிட்டாள். அங்கே இரண்டு சிவப்பு விளக்குகள் விடுமுறை முழுக்க அணையாமல் எரியும். புத்தாண்டின் ஐந்தாம் நாள் வந்து சார்ஜைப் பாதிக்கு இறக்கிவிட்டால் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் அவள் தாய்வீட்டில் இருந்தாள். வாத்துக்கறியும் தேநீரும் அண்ணிமாரோடு அரட்டையுமாக, தட்டை மறந்தே போனாள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப்பானையில் விழுமாம் துள்ளி.

கடை திறந்தது பதினைந்தாம் நாள் விளக்குத் திருநாள் கழித்துத்தான். முதல் ஆளாக லியாவ் வந்துவிட்டார். பெய்லான் மாடத்தின் கண்ணாடியைத் திறந்தாள். முகத்தில் அனல் அடித்தது. பார்க்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பேட்டரிகள் குட்டித் தலையணைகள் போல உப்பிக் கிடந்தன.

லியாவ் ஒன்றை எடுத்து மீட்டரை வைத்துப் பார்த்தார்.

“என்னக்கா இது, முழு சார்ஜுல இருக்கு. சூட்டுல வேற வச்சிருக்கு. குழந்தைங்க காதுல மாட்டறது இது. யாரு பண்ண வேலை?”

எதிர்க்கடையில் ஃபெங் கழுத்தை நீட்டினான். நான்தான் என்ற ஒரு சொல் போதும். ஆனால் அவள் கண் மருமகள் பக்கம் போனது. கண் போன வழியே நாக்கும் போனது.

“புதுப் பொண்ணு. எல்லாத்தையும் ரொப்பச் சொன்னேன். இதையும் ரொப்பிட்டா போல.”

வென்ச்சி ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

“தெரியாமப் பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க.”

லியாவின் கோபம் இறங்கியது. “சரி விடும்மா. உங்க அத்தை சொல்றதக் கேட்டு நட. எனக்கே கத்துக்குடுத்தவங்க அவங்கதான். வேற தட்டு தயார் பண்ணுங்க, வரேன்.”

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது பெய்லானுக்கு.

அவர் போனதும் வென்ச்சி உப்பியவற்றை அழுத்தாமல் ஒவ்வொன்றாக எடுத்து மணல் வாளியில் போட்டாள். பெய்லானால் பொறுக்க முடியவில்லை.

“நீ வைக்கலன்னு ஏன் சொல்லல?”

“அன்னைக்கு உங்க சால்வையக் குடுக்க வந்தேன் அத்தை. நீங்க தட்ட வச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. இங்க இதான் வழக்கம் போலன்னு போயிட்டேன். நீங்க செஞ்சா சரியாத்தானே இருக்கும்.” அவள் குரலில் குத்தல் துளியும் இல்லை. “அத்தனை பேர் முன்னாடி உங்களப் போய் எப்படிச் சொல்றது? என்னை இங்க யாருக்குத் தெரியும்?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அன்று சோறு இறங்கவில்லை, மறுநாளும் இறங்கவில்லை. மாடி முழுக்க வென்ச்சிக்கு ‘ரொப்பு மருமக’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. கேலி செய்கிறவர்களோடு சேர்ந்து அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கேட்கும்போதெல்லாம் பெய்லானுக்கு உடம்பு கூசியது.

புதுத் தட்டை வாங்க லியாவ் மறுபடி வந்தபோது ஃபெங் அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

“அண்ணே, அந்தப் பொண்ணு கையால வாங்காதீங்க. உங்களையும் சேத்து ரொப்பி அனுப்பிரும்.”

பெய்லான் எழுந்து நின்றாள்.

“அவ இல்ல. நான்தான் ரொப்பினேன். நான்தான் சாமிகிட்ட வச்சேன். பழிய அவ மேல போட்டதும் நான்தான்.”

 ஃபெங் தொடையைத் தட்டினான்.

“கேட்டீங்களா? மருமக பழியத் தன் தலையில போட்டுக்கறாங்க. எங்கம்மாவும் இருக்காங்களே, மருமகளக் கண்டாலே ஆகாது.”

“டேய், நிஜமாத்தான்டா சொல்றேன்.”

“போதும்க்கா. பாதி பாதின்னு எங்க காதையே ஓட்டையாக்கினவங்க நீங்க. நீங்களாவது, ரொப்பறதாவது.”

“வென்ச்சி, நீயாவது சொல்லு.”

வென்ச்சி வாய் திறந்தாள். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாள். “நானும் சொன்னா மட்டும் நம்பவா போறாங்க? உக்காருங்க அத்தை,” என்று மெதுவாகச் சொல்லித் தேநீரை நகர்த்தி வைத்தாள். மாமியார் தலையில் பழி விழ அவளும் விடவில்லை என்று பக்கத்துக் கடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லியாவ் பையிலிருந்து இரண்டு கமலாப்பழங்களை எடுத்து, பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல் இரு கையாலும் பெய்லானிடம் நீட்டினார்.

“உங்கள மாதிரி ஒரு மாமியார் கிடைக்க இந்தப் பொண்ணு குடுத்து வச்சிருக்கணும்க்கா.”

வாங்காமலிருக்க வழியில்லை. வாங்கிக்கொண்டு தலை நிமிராமல் நின்றாள். சுற்றியிருந்தவர்கள் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.