நாலில் நிற்கும் முள்

"இந்தச் சக்கரம் எதைச் சுத்துது?"

"கீழ வைங்க அதை."

"இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன். இது இதைக் கடிக்குது, இது அதைக் கடிக்குது..."

"பெயிண்ட் காயல, கீழ வைங்கன்னு சொல்றேன்..."

"...அது சுத்தி வந்து மறுபடி இதையே கடிக்குது! மூணு சக்கரம் இப்படி முக்கோணமா ஒண்ணை ஒண்ணு கடிச்சா, தலைகீழா நின்னாலும் ஒண்ணும் அசையாது. தெரியுமா உனக்கு?"

"அசைய வேணாம். சுவத்துல தொங்கினா போதும்."

"சுத்தாத சக்கரத்துக்கு எதுக்குப் பல்லு?"

"உங்களுக்கு எதுக்கு? ராத்திரியானா கழட்டி டம்ளர்லதானே போடறீங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். பல் அப்போது வாயில்தான் இருந்தது. இருந்தாலும் மூடிக்கொண்டார்.

தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்று பெயர். வேலையில் இருந்த காலமெல்லாம் மின்தூக்கிகளைப் பழுது பார்த்தவர். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றியது தான்தான் என்ற நினைப்பு இன்னும் இறங்கவில்லை. அவர் மனைவிக்குக் கேக்கம்மா என்று பெயர். ஒரு பேக்கரியில் கேக்குகளின் மேல் க்ரீமில் பூவும் வாழ்த்தும் வரைந்தே கை பழகியவர். இருவரும் ஓய்வு பெற்றதும், வீட்டில் இரண்டு பேர் நிம்மதியாக உட்காருவார்கள் என்று மகள் நினைத்தாள். உட்காரவில்லை. இரண்டு பட்டறைகள் திறந்தன.

கேக்கம்மாவின் பட்டறை பின்னறையில். ஷாம்பூ பாட்டில் மூடிகள் அங்கே சக்கரங்களாயின. வளைகிற உறிஞ்சுகுழல்கள் நீராவிக் குழாய்களாயின. உயிர்போன ஹேர் டிரையர் ஒரு துப்பாக்கி. சாதம் வடிக்கிற ஓட்டைப் பாத்திரமும் இரண்டு ஜாம் மூடிகளும் சேர்ந்து ஆழ்கடலில் இறங்குகிறவனின் தலைக்கவசம். எல்லாவற்றுக்கும் முதலில் கறுப்பு அடிப்பார். அது காய்ந்ததும், ஏறக்குறைய உலர்ந்த பிரஷில் வெண்கல நிறத்தைத் தொட்டு, விளிம்புகளை மட்டும் தடவுவார். மூலைகளில் துளி பச்சை. பித்தளையில் களிம்பு ஏறின மாதிரி. ஆணித் தலைகளுக்கு ஆணியே கிடையாது. கேக்குக்குக் க்ரீம் பிழிகிற பழைய கூம்பில் பசையை நிரப்பி, சொட்டுச் சொட்டாக, ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வைத்துக்கொண்டே போவார்.

லிஃப்ட்காரரின் பட்டறை பால்கனியில், மழைச்சாரலில் நனைந்துகொண்டிருந்தது. சண்டையின் வேர் அங்கேதான்.

"நிஜ ஸ்பேனர் வெளிய துருப்பிடிக்குது. பிளாஸ்டிக் மூடி உள்ள ஃபேன் காத்து வாங்குது. நியாயமா இது?"

"நிஜம்னா மழையைத் தாங்கணும்."

"சரி, அதுக்குப் பேர் என்னன்னு சொன்ன?"

"ஸ்டீம்பங்க். நீராவியில எல்லாம் ஓடின காலத்து மெஷின் மாதிரி இருக்கும். ஆனா அந்தக் காலத்துல அப்படி ஒரு மெஷின் இருந்ததே இல்ல."

"அதாவது, இல்லாத காலத்து ஓடாத மெஷின்."

"ஆமா."

"அதை வாங்கறதுக்கு ஒருத்தி இன்னிக்கு வண்டி எடுத்துட்டு வரா."

"ஆமா. புது ரெஸ்டாரண்ட்டுக்கு ஒரு சுவர் முழுக்க வேணுமாம்."

"அவ வந்து பாத்துட்டு, எதையும் எடுக்காமப் போனா?"

கேக்கம்மா பிரஷைத் துடைத்தார். துடைத்த பிரஷையே மறுபடி துடைத்தார்.

"எடுக்கலைன்னா ரூம் உங்களுக்கு. எல்லாத்தையும் நானே மூட்டை கட்டிப் பழைய சாமான் கடைக்குப் போட்டுடறேன். எடுத்தா, இந்த வாசப்படியில நின்னு பல்லு, சக்கரம்னு ஒரு வார்த்தை வரக்கூடாது."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் என்ன, உங்க தற்காலிக ரிப்பேரா, நாளுக்கு ஒண்ணு சொல்ல?"

தற்காலிக ரிப்பேர் சமையலறையில் இருந்தது. தொட்டிக் குழாய் உடைந்தபோது, ப்ளம்பரைக் கூப்பிடுங்கள் என்று கேக்கம்மா சொன்னார். ப்ளம்பரா, எனக்கா என்று லிஃப்ட்காரர் சிரித்தார். சிரித்த வாய்க்குள்ளேயே தண்ணீர் பீய்ச்சியடித்தது. கண்ணாடி எங்கோ விழ, கண்ணை மூடிக்கொண்டு, தன் இரும்புப் பெட்டியில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் எடுத்து மாட்டினார். செம்புக் குழாய், லிஃப்டிலிருந்து கழற்றிய பித்தளைக் கைப்பிடி, கம்பிச் சுற்று, சைக்கிள் ட்யூப் ரப்பர். ஒரு கிளை சும்மா திறந்து கிடந்ததால், அதன் முனையில் அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்று. மீட்டர் இல்லாத அமைப்பு அமைப்பே அல்ல என்பது அவர் கொள்கை.

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த மீட்டரை விரலால் தட்டி, வீட்டுக்கு அறிவிப்பார்.

"நாலு. ஸ்டெடியா நிக்குது."

"தண்ணியே வரலையே."

"அது குழாயோட கோளாறு. பிரஷர் நாலு இருக்கு."

இன்னொரு நாள் தண்ணீர் சீறி வந்து அவர் சட்டையை நனைக்கும். அப்போதும் தட்டுவார். அப்போதும் நாலு.

"பாத்தியா? நிஜ மீட்டர்னா இதுதான். எத்தனை ஆட்டம் ஆடினாலும் முள்ளு அசையல."

அசையாது. ஏனென்றால் முள்ளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார் கேக்கம்மா. அவர் செய்த முதல் மீட்டர் அது. ஷூ பாலிஷ் டப்பா, பழைய சமையலறைக் கடிகாரத்தின் எண் தகடு, முகக்கிரீம் டப்பாவின் மூடி. நிமிர்ந்து நிற்க ஒரு பித்தளை பிளக், அதுவும் முன்னெப்போதோ உடைந்த வேறொரு குழாயில் மிஞ்சியது. ஒருநாள் மேசையை ஒழிக்கிற அவசரத்தில் அதைத் தன் கூடைக்குப் பதில் அவருடைய பெட்டியில் போட்டுவிட்டார். பிளக்கில் நிஜ மரை இருந்ததால் குழாயில் கச்சிதமாக ஏறிக்கொண்டது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. அடைப்பு எப்படி ஒழுகும்?

முதல் நாளே சொல்லியிருக்கலாம்தான். தட்டிவிட்டுத் திரும்பிய அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. சரி, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டார். மறுநாள் அந்த 'நாலு'வைக் கேட்டுவிட்டு, இதை இன்னொரு நாள் கேட்கலாம் போலிருக்கிறதே என்று தோன்றியது. இப்படியே மாதங்கள் போயின. சுகமான மாதங்கள்.

வாசல் மணி அடித்தது.

வந்த பெண்ணுக்கு வயது குறைவு, பை பெரிது. கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் உள் அலங்காரம் செய்கிறவள். செருப்பைக் கழற்றும்போதே சுவர்களை எல்லாம் பார்த்துவிட்டாள்.

"வாம்மா, வா. இவர் என் வீட்டுக்காரர்."

"வணக்கம் அங்கிள். நீங்களும் செய்வீங்களா?"

"நான் ஓடறதை மட்டும்தான் தொடுவேன்."

பின்னறையில் அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். தலைக்கவசத்தைத் திருப்பினாள். துப்பாக்கியை வெளிச்சத்தில் பிடித்தாள். கேக்கம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். லிஃப்ட்காரர் நிலைப்படியில் சாய்ந்து, தன் மேசையை எந்தச் சுவரோரம் போடலாம் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்.

"அழகா இருக்கு ஆன்ட்டி. ஃபினிஷிங் ரொம்ப சுத்தம்."

"தேங்க்ஸ்மா."

"அதான் கொஞ்சம் யோசனையா இருக்கு. ரொம்ப சுத்தமா இருக்கு. இந்த ஆணியெல்லாம் ஒரே மாதிரி... தப்பா எடுத்துக்காதீங்க, கேக் மாதிரி இருக்கு."

நிலைப்படியிலிருந்து ஒரு இருமல் வந்தது. சிரிப்பை இருமலாக மாற்றுவதற்கு லிஃப்ட்காரர் பெருந்தன்மையோடு முயற்சி செய்திருந்தார்.

"எங்களுக்கு உழைச்ச மாதிரி வேணும் ஆன்ட்டி. யாரோ தினமும் தொட்டுத் தேய்ச்ச மாதிரி. இது எல்லாம் நேத்து கடையில வாங்கின மாதிரி இருக்கு." கையில் கறுப்பு ஒட்டியிருந்தது. "கை கழுவிக்கட்டுமா?"

"சமையல்கட்டு அந்தப் பக்கம்மா."

போனவள் கழுவவில்லை. குழாயைத் திறக்கிற சத்தமே வரவில்லை. இரண்டு பேரும் போய்ப் பார்த்தபோது, அவள் தொட்டியின் முன்னால் குனிந்து, மீட்டரை முகத்தோடு முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுதான்! இதுதான் நான் தேடினது! இந்த விளிம்பு தேஞ்சிருக்கிறதைப் பாருங்க. மூடி மேல விரல் பட்டுப் பட்டு ஒரு மங்கல்... இதை வெச்சு சுவர் முழுக்கப் பண்ணலாம். யார் செஞ்சது இது?"

"நான்தான்" என்றார் லிஃப்ட்காரர்.

கேக்கம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆனா இது அலங்காரம் இல்லம்மா, அசல். ஓடற சிஸ்டம்."

"அங்கிள், நீங்க பெரிய ஆர்ட்டிஸ்ட்!"

"அப்படியெல்லாம் சொல்ல முடியாது" என்றவர், அப்படியெல்லாம் சொல்லட்டும் என்று சற்றுக் காத்திருந்தார். "இந்த மீட்டர் இருக்கே, இதுக்குள்ள வளைஞ்ச ஒரு குழாய் இருக்கும். தண்ணி அழுத்தம் ஏறினா அது நிமிரப் பாக்கும். நிமிர்ந்தா முள்ளைத் தள்ளும். இதெல்லாம் மூடியை ஒட்டி வெளையாடற வேலை இல்ல."

"அப்போ ஆர்டர் உங்களுக்கே குடுத்துடறேன் அங்கிள். உங்களுக்கு இடம் இருக்கா?"

"இன்னியிலேர்ந்து இருக்கு" என்றார், பின்னறைப் பக்கம் பார்த்து.

கேக்கம்மாவுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். ஷூ பாலிஷ் டப்பா என்ற மூன்று சொல்லைச் சொன்னால் அறை தன்னுடையது. ஆனால் ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணின் முன்னால், இத்தனை மாதம் ஒரு டப்பாவைத் தட்டி வீட்டுக்குச் செய்தி வாசித்த மனிதர் இவர்தான் என்று எப்படிச் சொல்வது? தனியாகச் சொல்வதென்றால் நூறு தடவை சொல்லலாம். சொல்லாமல் விட்டால் நாளைக்கு அந்த மூடிகளையெல்லாம் மூட்டை கட்ட வேண்டும்.

"என்னங்க."

"என்ன?"

"கழட்டிக் குடுங்களேன். பொண்ணு பின்பக்கமும் பாக்கட்டும்."

"தாராளமா!"

வால்வை மூடினார். ஸ்பேனரை ஒரு சுழற்றுச் சுழற்றிப் பிடித்தார். அது அந்தப் பெண்ணுக்காக. மூன்று திருப்பில் மீட்டர் கையோடு வந்தது. கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு, "இதோ பாரும்மா, இந்தத் துளை வழியாத்தான் தண்ணி..." என்று திருப்பினார்.

துளை இல்லை.

கட்டை விரலால் தடவினார். ஏதோ அடைத்திருக்கிறது என்று நகத்தால் சுரண்டினார். கையில் ஏந்தி எடை பார்த்தார். காதருகே வைத்து மெதுவாகக் குலுக்கினார். பிறகு முள்ளைப் பார்த்தார். குழாயை விட்டு வந்து, சமையலறை நடுவே, அவர் உள்ளங்கையில் இருந்துகொண்டு, அது நாலு காட்டியது.

மெல்ல மனைவியைப் பார்த்தார். கேக்கம்மா அடுப்பு மேடையில் இல்லாத கறையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள எப்படி வேலை செய்யுது அங்கிள்?"

அவர் மீட்டரை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் மேசை பின்னறைக்குள் போய்விட்டுத் திரும்பவும் பால்கனிக்கே வந்திருக்க வேண்டும். அறை போனால் மழையில் நனைவதோடு சரி. ஆனால் துளையில்லாத மீட்டரைச் செய்தவன் என்ற பெயரோடு லிஃப்ட் வேலை பார்த்த ஒருவன் வெளியே தலைகாட்ட முடியுமா?

"இது... நான் செய்யல."

"இப்பதானே நீங்கன்னு..."

"குழாய் நான். மீட்டர் அவ."

"என்ன சொன்னீங்க?" என்றார் கேக்கம்மா, துடைத்துக்கொண்டே.

"நீ செஞ்சதுன்னு சொன்னேன்."

"காதுல சரியா விழல."

"நீதான் செஞ்சே! போதுமா? மாடிக்காரங்களையும் கூப்பிட்டுச் சொல்லட்டுமா?"

"வேணாம். இந்தப் பொண்ணுக்குக் கேட்டா போதும்."

பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவேண்டிய அவசியமும் இல்லை. "அப்போ ஆர்டர் ஆன்ட்டிக்கு. இதே மாதிரி மீட்டர் சுவர் முழுக்க வேணும். ஆனா இந்தத் தேய்மானம் எல்லாத்துலயும் இருக்கணும். அதை எப்படிச் செஞ்சீங்க ஆன்ட்டி? உப்புத்தாளா?"

"இல்லம்மா. கைவேலைதான்."

"ரொம்ப நேரம் பிடிக்குமே."

"பிடிக்கும். அதுக்குன்னே வீட்டுல அனுபவமுள்ள ஆள் இருக்கு."

பெண் மீட்டரைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டுக் கேக்கம்மா திரும்பினார். லிஃப்ட்காரர் இன்னும் தொட்டியருகே நின்றிருந்தார். திறந்து கிடந்த குழாய் முனையைக் கட்டை விரலால் அடைத்திருந்தார். வால்வைத்தான் மூடியாயிற்றே, விரல் எதற்கு என்று கேட்க வாய் துறுதுறுத்தது. 

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"எது?"

"சரி, விடு."

விட்டார். பின்னறைக்குப் போனார், தகரம் உருளும் சத்தம் கேட்டது, திரும்பி வந்தார். கையில் ஒரு பலகை. பலகை மேல் வரிசையாகப் புது மீட்டர்கள், பளபளவென்று, கேக் மாதிரி. அதை அவர் முன்னால் மேடையில் வைத்தார். ஒரு நாற்காலியையும் இழுத்துப் போட்டார். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியிருந்தது. அதையும் சரியாக ஏற்றிவிட்டார்.

"ம், உக்காந்து தட்டுங்க. பிரஷர் எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."