பாராட்டி அனுப்பியது

அந்த டிரஸ்டுக்கு இரண்டு பள்ளிக்கூடங்கள். ஒன்று ராஜபாளையத்தில், இன்னொன்று ஸ்ரீவில்லிபுத்தூரில். இரண்டுக்கும் தாளாளர் ஒருவரே. யாரையும் வேலையை விட்டு அனுப்பியதில்லை என்பதில் அவருக்குப் பெரிய பெருமை. கர்த்தர் கொடுத்த பிழைப்பில் நான் கை வைக்க மாட்டேன் என்பார். அவரிடம் இன்னொரு நியாயமும் இருந்தது. நல்ல வாத்தியார் ஒரே ஊரில் கிடந்தால் மற்ற ஊர்ப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? அதனால் ஒவ்வொரு வருடமும் முதல்வர்கள் எழுதித் தரும் மதிப்பீட்டைப் படித்து, யாரை ரொம்பப் புகழ்ந்திருக்கிறதோ அவரை மற்றப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்.

கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் கறக்கிற மாட்டை எவராவது அடுத்த தொழுவத்துக்கு ஓட்டிவிடுவாரா? முதல்வர்கள் இருவரும் நல்லவர்களுக்குச் ‘சுமார்’ என்று எழுதிக் கைக்குள் வைத்துக்கொண்டார்கள். தொல்லைகளை வாயாரப் புகழ்ந்து பஸ் ஏற்றிவிட்டார்கள். அப்படிப் புகழோடு வந்து இறங்குகிறவரை எதிர்முனையில் சிரித்த முகமாக வரவேற்று, காபி கொடுத்து, லைப்ரரியில் உட்கார வைத்துவிடுவார்கள். இதை இருவரும் ஒரு நாளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. இந்த விவரம் தாளாளருக்குக் கொஞ்சமும் தெரியாது.

கேத்ரின் ராஜபாளையம் பள்ளிக்கூடத்தின் பொறுப்பு முதல்வர். முந்தைய முதல்வர் ஓய்வு பெற்றதிலிருந்து அந்த நாற்காலியில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் இருந்த பெயர்ப்பலகையில் ‘பொறுப்பு’ என்ற சொல் மட்டும் பல்லில் சிக்கிய நார்போல உறுத்திக்கொண்டே இருந்தது. அது போக வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவே. அதற்கு ரிசல்ட் வேண்டும். ரிசல்ட்டுக்குக் குறுக்கே நின்றவர் இம்மானுவேல்.

சேத்தூரிலிருந்து பைக்கில் வருகிற கணக்கு வாத்தியார் அவர். தங்கமான மனிதர், ஆனால் போர்டைப் பார்த்துத்தான் பாடம் நடத்துவார். பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்கவே கூச்சம். அவர் முதுகுக்குப் பின்னால் பாதி வகுப்பு தூங்கும், மீதி வகுப்பு தூங்குகிறவர்களின் சடையை மேஜையில் கட்டும்.

கேத்ரின் பேனாவை எடுத்தாள். ‘மாணவர் மனமறிந்து கற்பிப்பவர். இவர் வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சலிப்படைந்து கண்டதில்லை’ என்று எழுதினாள். தூங்குகிறவனுக்குச் சலிப்பு ஏது? அந்தவகையில் பொய்யில்லை என்று தேற்றிக்கொண்டாள். அதே பேனாவால், தளவாய்புரத்திலிருந்து வரும் தமிழாசிரியை அனுசியாவுக்கு வழக்கம்போல் ‘சுமார்’ போட்டாள். அனுசியா பாடம் நடத்தினால் வராந்தாவில் போகிற பியூன்கூட நின்று கேட்பார். அவளை இழக்க முடியுமா?

இம்மானுவேல் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். கேத்ரினும் நிம்மதியாக இருந்தாள், அடுத்த மே மாதம் தாளாளர் கூப்பிட்டு அனுப்புகிறவரை.

“கேத்ரினம்மா, உங்க கண்ணு சரியான கண்ணும்மா” என்றார் அவர். “நீங்க இம்மானுவேலப் பத்தி எழுதுனிய. இந்த வருசம் வேதசிரோமணியும் அம்புட்டு உயர்வா எழுதியிருக்காரு. ரெண்டு முதல்வரும் ஒரே ஆளப் புகழுதது இது வரைக்கும் நடந்ததில்ல. அதனால அவரையே உங்க ஸ்கூலுக்கு முதல்வராப் போட்டுட்டேன். நீங்களும் பாவம், எம்புட்டு நாளைக்குப் பொறுப்பச் சொமப்பிய?”

வேதசிரோமணிதான் ஸ்ரீவில்லிபுத்தூர் முதல்வர். அவரும் தள்ளிவிடத்தான் புகழ்ந்திருப்பார், கேத்ரினுக்குத் தெரியும். ஆனால் அதை எப்படிச் சொல்வது? சொன்னால் தான் எழுதியதும் பொய்யென்று ஆகும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அவள் நல்ல கையெழுத்தில் வைத்திருந்தாள். “ரொம்ப சந்தோசம்யா” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஜூன் மாதம் இம்மானுவேல் வந்தார். முதல் காரியமாக, பழையபடி அறிவியல் ஆசிரியையாகிவிட்ட அவளைத் தேடி ஸ்டாஃப் ரூமுக்கே வந்து நின்றார்.

“மிஸ், நீங்க எழுதுனத தாளாளர் ஐயா எனக்கு வாசிச்சுக் காட்டுனாவ. வீட்டுல அம்மாட்ட சொன்னேன், அழுதுட்டாவ. சின்னப் புள்ளையிலருந்து என்னய ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்ல. நீங்க எழுதுன மாதிரி இருக்கணும்னுதான் அங்கன போயி கஷ்டப்பட்டேன்.”

கேத்ரின் அவர் கண்ணைப் பார்த்தாள். அவர் அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். போர்டைத் தவிர எதையும் பார்க்கத் தெரியாத மனிதர் எப்போது இப்படி ஆனார்? ஒருவேளை வேதசிரோமணி எழுதியது நிஜம்தானோ? தான் எழுதிய பொய் முளைத்து நிஜமாகிவிட்டதோ? இல்லை, எல்லாம் தெரிந்துகொண்டு குத்திக்காட்டுகிறாரோ? அவளுக்குக் குழப்பமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. வெட்கம் எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது.

தை மாதம் அவள் வகுப்பைப் பார்வையிட இம்மானுவேல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஒளிவிலகல் பாடம். தண்ணீர் டம்ளரில் பென்சிலைப் போட்டுக் காட்டினாள். முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தே பழகிவிட்டதால் குரல் எடுபடவில்லை. இரண்டு பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஒரு பெண் எழுந்து கேள்வி கேட்டது. “செத்த இரு, பொறவு சொல்லுதேன்” என்றவள் மறந்தே போனாள். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

மறு மே மாதம் அவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாறுதல் வந்தது. இம்மானுவேல் எழுதிய மதிப்பீட்டைத் தாளாளர் அவளுக்கும் வாசித்துக் காட்டினார். ‘மாணவர் மனமறிந்து கற்பிப்பவர். இவர் வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சலிப்படைந்து கண்டதில்லை.’ அவள் எழுதிய அதே வரிகள். புகழத் தெரியாத மனிதர், தன் அம்மாவை அழவைத்த வார்த்தைகளையே எடுத்து நன்றிக்கடனாகத் திருப்பிக் கொடுத்தாரா? இல்லை, எனக்குச் செய்ததை நீயும் அனுபவி என்றாரா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நேரில் போய்க் கேட்கலாம்தான். கேட்டால் தன் வண்டவாளம் தண்டவாளம் ஏறும்.

கடைசி நாளன்று அனுசியா பஞ்சு மார்க்கெட் ஸ்டாப் வரை கூட வந்தாள்.

“எனக்கு இந்த வருசமும் சுமார்தான் மிஸ்” என்றாள். “இம்மானுவேல் சாரும் அதையேதான் போட்டிருக்காவ.”

போகிற நேரத்திலாவது ஒரு உண்மையைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று கேத்ரினுக்குத் தோன்றியது.

“அனுசியா, இந்த ரெண்டு ஸ்கூல்லயும் உன்ன மாதிரி பாடம் எடுக்க ஆளில்ல. உன்ன விட்டுரக் கூடாதுன்னுதான் நான் சுமார்னு எழுதுனேன்.”

அனுசியா சிரித்தாள், அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

“ஊருக்குப் போற நேரத்துல ஆறுதலுக்குச் சொல்லுதீங்க. நல்லா எடுத்திருந்தா நல்லான்னுதான எழுதியிருப்பீங்க? முந்தி எனக்கே ஒரு நெனப்பு இருந்துச்சு மிஸ், நம்ம நல்லாத்தான் எடுக்கோம்னு. வருசா வருசம் சுமார் வாங்கி வாங்கி அது போயிருச்சு.”

“சத்தியமாச் சொல்லுதேன்.”

“அப்ப உங்களப் பத்தி சார் எழுதுனது?”

பஸ் வந்துவிட்டது. கேத்ரின் ஏறினாள். பதில் சொல்லக்கூடாது என்றில்லை, அவளுக்கே தெரியவில்லை. நான் நல்ல ஆசிரியைதானா? இத்தனை பேரை எடை போட்டவளுக்குத் தன் எடை தெரியவில்லை. கொட்டாவி விட்ட பிள்ளைகளும் கேள்வி கேட்ட பெண்ணும் நினைவுக்கு வந்தார்கள். அந்தக் கேள்வி என்னவென்று மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வேதசிரோமணி வாசல்வரை வந்து வரவேற்றார்.

“வாங்க மிஸ், வாங்க! உங்களப் பத்தி ரொம்பப் பெருமையா எழுதியிருக்காவ. எங்களுக்கு யோகம்தான் போங்க.”

அந்தச் சிரிப்பு கேத்ரினுக்குத் தெரியும். புகழோடு வந்து இறங்கியவர்களைப் பார்த்து எத்தனையோ முறை அவளே சிரித்த சிரிப்பு. இருந்தாலும், நிஜமாகவே சந்தோஷப்படுகிறாரோ என்று ஒரு கணம் சபலம் தட்டியது.

“சார், ஒண்ணு கேக்கணும். இம்மானுவேல் சார் இங்க எப்படிப் பாடம் எடுத்தாவ? நெசமாச் சொல்லுங்க.”

“பிரமாதமான வாத்தியாருல்ல!” என்றார் வேதசிரோமணி, சிரிப்பு மாறாமல். “அதான் எழுதியிருந்தேனே. மொதல்ல ஒரு காபி சாப்பிடுங்க.”

காபி வந்தது. அவள் குடித்து முடிக்கும்வரை பிள்ளைகளைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு சாவியை எடுத்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார்.

“இப்போதைக்கு லைப்ரரியப் பாத்துக்கிடுங்க மிஸ்.”