துடைத்த சுவர்

அண்ணன் இவ்வளவு தன்மையாகப் பேசி அவள் கேட்டு நாலு வருஷமாகிறது. புருஷன் விட்டுப் போன பிறகு, மகளோடு அண்ணன் வீட்டுப் பின்பக்க அறையில் ஒண்டிக்கொண்ட நாளோடு அந்தத் தன்மை போயிருந்தது.

"உன் ரூம்ல பூஞ்சை டெஸ்ட் பண்ற ஆளு நாளைக்கு வர்றாரு. இருக்குன்னு ரிப்போர்ட் வந்தா, மாடி ரூம் உனக்கும் பாப்பாவுக்கும். இல்லன்னா பாப்பா ஹாஸ்டலுக்குப் போகணும். அப்புறம் பாப்பா இருமலுக்குச் சுவருதான் காரணம்னு இந்த வீட்டுல பேச்சே எடுக்கக் கூடாது. என்ன?"

"சரிண்ணா."

"வெளியாளு வர்றாரு. ரூம் பளிச்சுன்னு இருக்கட்டும். என் மானத்த வாங்கிடாத."

மானம் என்று சொன்னால் போதும், அவளுக்குக் கை தானாக விளக்குமாற்றைத் தேடும். அப்படி வளர்த்திருந்தார்கள். அலமாரியைத் தனியாளாக இழுத்துப் போட்டாள். பின்னால் சுவர் கதவகலத்துக்குக் கறுத்துக் கிடந்தது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, கை எரிய எரிய, மூன்று வாளித் தண்ணீர் கறுத்துப் போகும்வரை தேய்த்தாள். நாற்றம் போக ஜன்னல்களை விரியத் திறந்து வைத்தாள். நோய் சுவருக்குள்ளே இருக்கிறது, டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கண்டுபிடிப்பதுபோல மெஷின் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று நினைத்தாள். பாவி, நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

மறுநாள் காலை வந்த பரிசோதகர் வாசலிலேயே நின்று மோந்து பார்த்தார்.

"யாரும்மா தொடச்சது?"

"நான்தான் சார்," என்றாள், பாராட்டப் போகிறார் என்ற முகத்தோடு.

"எதையும் தொடாதீங்க, ஒரு நாள் ஜன்னலச் சாத்தியே வைங்கன்னு சார்கிட்ட போன்ல ரெண்டு தடவ சொன்னேனே! இப்ப உள்ள இருக்கிறது தெருக்காத்து. இதுல என்னத்த எடுக்கிறது?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு நாள் கழிச்சு வரட்டுமா? இல்ல, சுவர்ல ஈரம் எவ்வளவுன்னாவது பாத்துடறேன்."

"காத்து டெஸ்டுக்குத்தான் கூப்பிட்டேன். அத மட்டும் எடுங்க சார். எனக்கு ஆயிரம் வேலை இருக்கு."

பரிசோதகர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சின்னப் பம்பு ஒன்றை அறை நடுவில் வைத்து, காற்றைப் பத்து நிமிஷம் ஒரு டப்பிக்குள் இழுத்து, ஒப்பிட வாசலிலும் ஒரு தரம் எடுத்து, மூடிக்கொண்டு போனார். அவருக்கும் பிழைப்பு இருக்கிறது.

நாலாம் நாள் ரிப்போர்ட் வந்தது. கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்து, மனைவிக்கும் கேட்கும்படி அண்ணன் வாசித்தான். "உள்காற்று, வெளிக்காற்று, வித்தியாசம் இல்லை."

"நாந்தான் அப்பவே சொன்னேனே," என்றாள் அண்ணி. "இங்கயே ஒட்டிக்கிறதுக்கு ஒரு இருமல்."

அவள் குனிந்து காகிதத்தைப் பார்த்தாள். "கீழ என்னமோ எழுதியிருக்கே அண்ணா. சோதனைக்கு முன்னாடி அறை கழுவப்பட்டதால இந்த முடிவை நம்ப முடியாதுன்னு..."

"அது எல்லா ரிப்போர்ட்லயும் போடுறதுதான்." காகிதத்தை நாலாக மடித்தான்.

"வந்து பாருங்கண்ணா, உங்க கால்ல விழறேன். அதே எடத்துல மறுபடி புள்ளி புள்ளியா வருது."

"அப்ப நீ சரியா தொடைக்கல."

அண்ணி சிரித்தாள். அவள் சிரித்ததில்கூட இவளுக்கு வலிக்கவில்லை. அண்ணன் சிரிக்காமல் சொன்னானே, அதில்தான் அவளுக்குப் புரிந்தது. அவள் பிள்ளைக்கு எதிரான வேலையை அவள் கையாலேயே செய்ய வைத்துவிட்டான். எட்டு வயசு. இருட்டில் மூச்சுத் திணறினால் ஹாஸ்டலில் யார் எழுப்பி உட்கார வைப்பார்கள்?

"பேச்சு பேச்சா இருக்கணும். திங்கக்கெழம கொண்டு விட்டுடலாம்."

கதவோரம் நின்றிருந்த மகள் ஓடி வந்து மாமன் முன்னால் நின்றாள்.

"மாமா, நான் போகல மாமா. நான் இனிமே இருமவே மாட்டேன்."

சொல்லி முடிக்குமுன் நெஞ்சிலிருந்து இருமல் கிளம்பிவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கண் பிதுங்கி, கழுத்து நரம்பு புடைத்து, முகம் ரத்தமாகச் சிவந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

அண்ணன் தங்கையின் பக்கம் திரும்பினான்.

"பாத்தியா? நெனச்சா நிறுத்த முடியுது."